இரண்டரை சென்டிமீட்டரில் ஒரு சுருள் ஆன்டெனா

எங்கள் காரைக்குடி வீட்டில் முகப்பில் நின்று கூப்பிட்டால் மூன்றாம் கட்டுக்குக் கேட்காது. இடையில் இரண்டு முற்றங்கள், சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய கனத்த சுவர்கள். பின்கட்டுத் தொட்டியின் நீர்மட்டத்தை முகப்பிலேயே அறிய இரண்டு லோரா மாட்யூல்களை (சிறு தகவல்களைத் தொலைவுக்கு அனுப்பும் குறைந்த சக்தி ரேடியோப் பலகைகள்) வைத்தேன். அவற்றின் சிறு பெட்டிக்குள் ஆன்டெனாவாக நேர்க்கம்பி அடங்காது, சுருள் அடங்கும். பழைய செல்பேசிகளின் தலையில் குட்டையாக நீட்டிக்கொண்டிருந்த உறைக்குள் இருந்ததும் இதே சுருள்தான்.

இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. 866-க்கு அலைநீளம் 34.6 செ.மீ.; அதில் கால் பங்கு 8.65 செ.மீ.

முதல் முறை நான் சரியாக 8.65 செ.மீ. கம்பியை வெட்டிச் சுற்றினேன். அது தவறு. அந்த அளவு நேர்க்கம்பிக்கு உரியது. நெருக்கமான சுருளுக்கு இன்னும் நீளம் வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடையில் 1 மி.மீ. எனாமல் செம்புக் கம்பி கேளுங்கள். 16 செ.மீ. வெட்டுங்கள். ஒரு முனையில் 1 செ.மீ. எனாமலைச் சுரண்டி, அந்தப் பகுதியை நேராக விட்டுவிட்டு, மீதியை 5 மி.மீ. ட்ரில் பிட்டின் வழவழப்பான பின்பகுதியில் சுற்றுங்கள். ஏறக்குறைய 8 சுற்று வரும். சுற்றுக்குச் சுற்று 3 மி.மீ. இருக்குமாறு மெல்ல இழுத்தால் உயரம் இரண்டரை சென்டிமீட்டருக்குள் நிற்கும்.

இனிப் பொறுமைதான் வேலை. மாட்யூல் பலகையின் அளவுக்கே செம்புத் தகடு ஒட்டிய ஒரு சோதனைப் பலகையை வெட்டி, ஓரத்தில் கனெக்டர் வைத்து, சுருளைக் கனெக்டரின் நடு ஊசியில் பற்றவையுங்கள். இந்தப் பலகையும் ஆன்டெனாவின் பாதி. இதைச் சிறிதாக்கினால் அளவீடு பொய்யாகும். ஆன்டெனா எந்த அதிர்வெண்ணில் இயங்குகிறது என்பதை வரைகோடாகக் காட்டும் நானோ விஎன்ஏ கருவியை அளவுதிருத்தம் செய்து இணைத்துப் பாருங்கள். கோடு பள்ளமாக இறங்கும் இடமே அந்த அதிர்வெண். பள்ளம் 866-க்குக் கீழே தெரிந்தால் நுனியில் 2 மி.மீ. நறுக்குங்கள், அது மேலே நகரும். கொஞ்சம்தான் நகர வேண்டுமென்றால் நறுக்காமல் சுருளை இழுத்துவிட்டாலே போதும். பார்க்கும்போது கையை விலக்கிவிடுங்கள். விரல் அருகில் வந்தாலே பள்ளம் கீழே இறங்கும். பெட்டியின் பிளாஸ்டிக்கும் சற்று இறக்கும் என்பதால் கடைசி நறுக்கலை மூடி போட்டுப் பார்த்த பிறகே செய்யுங்கள்.

அளவு சரியானதும் சுருளைக் கழற்றி மாட்யூலில் பற்றவையுங்கள்; அதற்கு முன் மாட்யூலுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். ஆன்டெனா இல்லாமல் அலை அனுப்பினால் அதன் வெளியீட்டுப் பகுதி கெடக்கூடும்.

இந்தச் சுருள் அலையைப் பக்கவாட்டில்தான் வீசும், நுனி நோக்கி அல்ல. என் பின்கட்டுப் பெட்டி படுத்துக் கிடந்தவரை பாதித் தகவல் வரவில்லை. முகப்புப் பெட்டியைப் போலவே அதையும் நிமிர்த்தி வைத்தேன், தொட்டியின் அளவு தவறாமல் வந்தது.