புதுக் கணினி அடிக்கடி நின்றுபோனால் விடக்கூடாத பிழைகள்

புதிதாகப் பொருத்திய வீட்டுக் கணினி முதல் மாதத்திலேயே நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டால், கிளிநொச்சியென்ன முல்லைத்தீவென்ன, கடைக்கு வருகிற முதல் பேச்சு ஒன்றுதான்: "அண்ணா, விண்டோஸ் அடிச்சுத் தாங்கோ." இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் மறுபேச்சில்லாமல் அடித்து, அதாவது இருப்பதை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றி, கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் எல்லோரும் விட்ட பிழைதான். அது இன்னும் அப்படியே தொடர்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. மொனிட்டர் கேபிளை மாறிப் பூட்டுவது, ஸ்பீக்கர் வயரைத் தவறான துளையில் செருகுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒரே நாளில் தாமாகப் பழகிவிடும்.

காரணம் தெரியமுன் ஃபார்மட், பிறகு டிரைவர் பேக்

புதுக்குடியிருப்புப் பக்கத்து உயர்தர மாணவர் ஒருவரின் கணினிக்கு இரண்டு மாதத்தில் மூன்று தடவை விண்டோஸ் அடித்தார்கள். மூன்று தடவையும் பென் டிரைவில் இருந்த டிரைவர் பேக்கை (பல டிரைவர்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) ஏற்றினார்கள். மூன்றாம் தடவை டிஸ்க்கையே புதிதாகப் பிரித்தபோது செயற்றிட்டக் கோப்பும், வீட்டுக் காணிப் பத்திரங்களின் ஸ்கான் பிரதிகளும் போய்விட்டன. நீலத் திரை மட்டும் போகவில்லை. ரேம் வேகத்தை பயோஸில் (விண்டோஸுக்கு முன் மதர்போர்டில் ஓடும் அமைப்பு மென்பொருள்) குறைத்ததும் அது நின்றது. அந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதும்.

டிரைவர் என்பது கணினியின் பாகங்களை இயக்குவதற்காக விண்டோஸின் அடித்தளமான கேர்னலோடு சேர்ந்து ஓடுகிற மென்பொருள். சாதாரண செயலியில் பிழை வந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவரில் பிழை வந்தால் முழுக் கணினியும் விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரேயொரு பிழையான அப்டேட், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது இதனால்தான். ஆனால் நீலத் திரைக்கெல்லாம் டிரைவர்தான் காரணம் என்று இதைத் திருப்பிப் போட முடியாது. ரேமும் பவர் சப்ளையும் பிராசசரும் அதே திரையைக் கொண்டுவரும்.

நீலத் திரையோடு கணினி விழும்போது பெரும்பாலும் விண்டோஸ் ஒரு பதிவை எழுதி வைக்கிறது. ஃபார்மட் செய்தால் முதலில் அழிவது அதுதான். அதற்குமேல் டிரைவர் பேக் ஒரே மூச்சில் இருபது டிரைவரை ஏற்றிவிடும். அவற்றில் பல பழைய பதிப்புகள். உங்கள் மதர்போர்டுக்கென்று வந்ததை எடுத்துவிட்டுப் பொதுவான ஒன்றை வைப்பதும் உண்டு. விண்டோஸ் 11 இன் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பு சில பழைய டிரைவர்களை ஏற்றவே விடாது. அதற்குப் பிறகு கணினி விழுந்தால் எந்த டிரைவர் விழுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே முதலில் பதிவைப் படியுங்கள். அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் போய், ஸ்டார்ட்அப் அன்ட் ரிகவரி பகுதியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் தெரிவின் சரிக்குறியை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை நீலத் திரை அப்படியே நிற்கும், போனில் படம் எடுக்கலாம். பிறகு ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டுங்கள். நாள்வாரியாகச் சிவப்புக் குறிகள் வரும். முதல் சிவப்புக் குறி விழுந்த நாளில் என்ன ஏற்றப்பட்டது என்றும் அதிலேயே தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் கோப்புகளை (விழுந்த கணத்தின் பதிவுகள்) பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவசச் செயலியில் திறந்து பாருங்கள். விண்டோஸ் கேர்னலின் சொந்தக் கோப்பே குற்றவாளியாகக் காட்டப்பட்டால் நம்பாதீர்கள். விழுந்த இடம் அதுவாக இருக்கலாம், தள்ளியது வேறொன்று.

படிக்கும் முறை இதுதான். ஒரே பிழைக் குறியீடும் ஒரே டிரைவர் கோப்பும் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் டிரைவர். குறியீடு 116 என்றால் கிராபிக்ஸ் டிரைவரையோ கார்டையோ பாருங்கள். 124 என்றால் ஹார்ட்வெயார், விண்டோஸ் அடிப்பதால் அது மாறாது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குறியீடு, வேறு வேறு கோப்பு என்றால் ரேமைச் சந்தேகியுங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் ரேம் வேகத்தை நம்புவது

பெட்டியில் 6000 என்று இருக்கும் டிடிஆர்5 ரேம் தானாக 4800 அல்லது 5600 இல்தான் ஓடும். ரேமை வேகமாக ஓட்டும் தெரிவான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை பயோஸில் இயக்கும்போதுதான் 6000 வரும். அது ஓவர்கிளொக் (வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது), உத்தரவாதமான வேகம் அல்ல. நாலு ரேம் குச்சி பூட்டினால் நிலைமை இன்னும் இறுக்கம். ரைசன் 7000 பிராசசர் வரிசையில் நாலு குச்சிக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 3600 மட்டுமே. ஆகவே முதல் சோதனை, எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டு இரண்டு நாள் பாவிப்பது. அப்போதும் விழுந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஐப் பென் டிரைவில் ஏற்றி நாலு சுற்றும் ஓட விடுங்கள். இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். ஒரேயொரு பிழை வந்தாலும் அது பிழைதான். பிறகு ஒவ்வொரு குச்சியாக, பிராசசரிலிருந்து இரண்டாவது துளையில் பூட்டிச் சோதியுங்கள்.

கொழும்பில் பொருத்தி ஏ9 வழியாக பஸ்ஸின் அடிப்பெட்டியில் வந்த கணினிக்கு இன்னொன்றும் உண்டு. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் குலுங்கினால் ரேமும் கிராபிக்ஸ் கார்டும் துளையிலிருந்து சற்று எழும்பியிருக்கலாம். முதல் தடவை ஓன் பண்ணமுன் பக்கத் தகட்டைத் திறந்து இரண்டையும் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். பாரமான கார்டென்றால் கழற்றித் தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள்.

கரண்டின் குற்றத்தை டிரைவரில் போடுவது

நீலத் திரையே இல்லாமல் பட்டென்று அணைந்து திரும்பினால் விண்டோஸின் நிகழ்வுப் பட்டியலான இவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 என்று இருக்கும். இதைப் பார்த்ததும் பவர் சப்ளை பழுது என்று முடிவுகட்டுகிறார்கள். ஒழுங்காக மூடப்படாமல் கணினி நின்றது என்பதற்குமேல் 41 எதையும் சொல்வதில்லை. அதன் விவரத்தில் பக்செக் கோட் (நீலத் திரைக் குறியீடு) 0 என்று இருந்தால் விண்டோஸுக்குப் பதிவெழுதவே நேரம் கிடைக்கவில்லை. அப்போதுதான் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். கிணற்று மோட்டார் தொடங்கும் நேரத்தில் விழுகிறதா? ஒரே மல்டி பிளக்கில் அயனும் (உடுப்புக்குப் போடுவது) இருக்கிறதா? 650 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டோடு கேம் ஓடும்போது கரண்ட் போனால் யூபிஎஸ் கைவிட்டுவிடும்.

கேஸின் இரும்பைத் தொடும்போது விரல் விறுவிறுத்தால் புவித்தொடுப்பு இல்லை. இரண்டு முள் அடாப்டரைக் கழற்றிவிட்டு, மூன்று முள் பிளக்கை எர்த் உள்ள துளையில் பூட்டுங்கள். எர்த் சரியா என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

ஷட்டவுன் செய்தால் போதும் என்று நினைப்பது

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (கணினியை விரைவாக எழுப்பும் விண்டோஸ் தெரிவு) இருந்தால் ஷட்டவுன் கேர்னலைச் சேமித்து வைத்து மறுநாள் அதையே எடுக்கிறது. ஆகவே டிரைவர் மாற்றினால் ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட்.

மஞ்சள் குறிக்குக் கூகுளில் தேடுவது

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருந்தால் அதன் ப்ரொப்பர்டீஸில் ஹார்ட்வெயார் ஐடியைப் பாருங்கள். அதில் வென் (VEN) என்பதற்குப் பின்னால் 8086 இருந்தால் இன்டெல், 1002 இருந்தால் ஏஎம்டி. போர்டில் அச்சிட்டிருக்கும் மொடலையும் ரிவிஷனையும் குறித்துக்கொண்டு, போர்ட் செய்தவரின் தளத்தில் மட்டும் எடுங்கள். சிப்செட் முதலில், பிறகு நெட்வேர்க், பிறகு கிராபிக்ஸ், கடைசியாக ஓடியோ. இடையிடையே ரீஸ்டார்ட்.

நெட்வேர்க் டிரைவரே இல்லாமல் எப்படி இறக்குவது? அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி கேபிளில் பூட்டி யூஎஸ்பி டெதரிங்கை ஓன் பண்ணினால் விண்டோஸ் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் 600 மெகாபைட்டைத் தாண்டுவதால் டேட்டா மிச்சத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்.

புதுப் போர்ட் கறுப்புத் திரையில் நிற்கும்போது கரண்டை நிறுத்துவது

டிடிஆர்5 போர்ட் முதல் தடவை ரேமைப் பழகப் பல நிமிடம் எடுக்கும். பதினைந்து நிமிடம் தொடாதீர்கள்.

13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல்லில் கிராபிக்ஸ் டிரைவரைத் திட்டுவது

கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதாது என்ற செய்தி, என்விடியா டிரைவரை ஏற்றும்போதே கோப்பு விரியாமல் பிழை. இரண்டும் பிராசசரின் வேலையாக இருக்கலாம். இந்த இரண்டு தலைமுறைகளின் சில டெஸ்க்டொப் பிராசசர்களில் மிகையான வோல்டேஜால் வந்த பழுதை இன்டெல் 2024 இல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. அந்த வருடம் செப்டம்பருக்குப் பின் வந்த பயோஸை ஏற்ற வேண்டும். ஃபேட்32 இல் ஃபார்மட் செய்த பென் டிரைவில் பயோஸ் கோப்பை வையுங்கள். யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள், மழை இருட்டிய பின்னேரத்தில் யூபிஎஸ் இருந்தாலும் தொடங்காதீர்கள். இடையில் கரண்ட் போனால் போர்டே எழும்பாமல் போகலாம். ஏற்கெனவே பழுதான பிராசசரை எந்த பயோஸும் திருத்தாது, உத்தரவாதத்தில் மாற்றத்தான் வேண்டும்.

அப்படிக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பும்போது நீலத் திரையின் படம், மெம்டெஸ்ட் முடிவின் படம், மினிடம்ப் கோப்புகள் உள்ள பென் டிரைவ், பற்றுச்சீட்டு நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். "இடைக்கிடை நிற்குது" என்று மட்டும் எழுதி அனுப்பிய பெட்டி, அங்கே ஒரு மணித்தியாலம் நன்றாக ஓடிக்காட்டிவிட்டு அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பி வரும்.