எல்லாத்தையும் ‘படகு’ன்னு எழுதிடாதீங்க: ராம்நாடு கடற்கரைப் பக்கம் கப்பல் பேர்கள்ல நடக்குற தப்புகள்

போன மீன்பிடித் தடைக்காலத்துல ஒரு செய்தி வாட்ஸ்அப்புல சுத்துச்சு. தடையை மீறி கடலுக்குப் போன படகுகள்னு தலைப்பு, கீழ போட்டோவுல பாம்பன் தெற்குவாடி கரையில நிக்கிற வத்தை, அது ஒரு வகை நாட்டுப்படகு. எங்க தெருவுல அதைப் பாத்துட்டு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கொதிச்சுட்டாங்க, ஏன்னா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் அந்த 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்குக் கிடையாது. சட்டப்படி தொழிலுக்குப் போன மனுசன் ஒரே ஒரு வார்த்தையால குற்றவாளி ஆயிட்டான். எழுதுனவருக்கு கெட்ட எண்ணம் ஒண்ணும் இருந்திருக்காது, அவருக்கு எல்லாமே படகு, அவ்வளவுதான். ஆனா எங்க கரையில எந்தப் படகுன்னு சொல்லாம சொன்னா பாதி சேதி காணாமப் போயிடும். வாரத்துல திங்கள், புதன், சனி விசைப்படகு போகும், மத்த நாள் நாட்டுப்படகு போகும், பாக் நீரிணைப் பக்கம் பல வருசமா இருக்குற ஏற்பாடு இது. அதனால பேரை மாத்தி எழுதினா கிழமையும் தப்பாயிடும், யார் வலையை யார் அறுத்தாங்கங்குற சண்டையில ஆளும் மாறிடும்.

இதுல வர்ற பெரிய தப்பு என்னன்னா, இன்ஜின் சத்தம் கேட்டா விசைப்படகுன்னு முடிவு பண்றது. அப்படி இல்லங்க. பைபர் படகு, வள்ளம், வத்தை எதுல வேணும்னாலும் பின்னாடி இன்ஜின் மாட்டி ஓட்டுவாங்க, அது அப்பவும் நாட்டுப்படகுதான். விசைப்படகுங்குறது உள்ளுக்குள்ள பெரிய டீசல் இன்ஜின் வச்சு, மேல கேபின் கட்டி, இழுவை வலை போடுற பெரிய படகு. சந்தேகம் வந்தா ஒரு வழி இருக்கு, படகோட பக்கவாட்டுல பெயிண்ட்ல எழுதியிருக்குற பதிவு எண்ணைப் பாருங்க. ராமேஸ்வரம் விசைப்படகுகள்ல ‘ஐஎன்டி டிஎன் 10 எம்எம்’னு ஆரம்பிச்சு அப்புறம் நம்பர் வரும், அந்த எம்எம்தான் விசைப்படகுக்கு அடையாளம். எம்ஓன்னு இருந்தா இன்ஜின் மாட்டுன நாட்டுப்படகு. போட்டோ எடுக்கப் போறவங்க அந்த ரெண்டு எழுத்தைக் கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாத்தா போதும்.

அப்புறம் இந்த ‘இரட்டைமடிப் படகு’. அப்படி ஒரு படகு வகையே கிடையாது. மடிங்குறது வலையோட பை மாதிரி இருக்குற பகுதி, ரெண்டு படகு சேந்து ஒரு வலையை இழுத்துட்டுப் போறதுதான் இரட்டைமடி, அது தடை பண்ணுன முறை. தடை அந்த முறைக்குத்தான். இழுவைப்படகுங்குற வார்த்தையிலயும் இதே மாதிரி கவனம் வேணும். இங்க பாம்பன் பாலத்துக்கு அடியில பெரிய மிதவையைக் கட்டி இழுத்துட்டுப் போறதையும் இழுவைப்படகுன்னுதான் எழுதுறாங்க, இலங்கைத் தமிழ்ல அந்த வார்த்தை இழுவை வலை போடுற நம்ம விசைப்படகையே குறிக்கும், யாழ்ப்பாணத்துல அதையே ரோலர்னும் சொல்வாங்க. அந்தப் பக்கத்துச் செய்தியை அப்படியே எடுத்துப் போடுறவங்க எதை எது இழுக்குதுன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போடுங்க.

கட்டுமரத்துக்கு வருவோம், எனக்கு இதுலதான் மனசு ரொம்ப கிடந்து அடிச்சுக்கும். நம்ம வார்த்தை இங்கிலீஷுக்குப் போயி கேட்டமரான் ஆச்சு, அது உண்மை. ஆனா போன இடத்துல அதுக்கு அர்த்தமே மாறிப்போச்சு, அங்க ரெண்டு அடிப்பாகத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சு மேல தளம் போட்ட கப்பல்னு அர்த்தம். ஆஸ்திரேலியாவுல அந்த மாதிரி கார் ஏத்துற ஃபெர்ரி எல்லாம் கட்டுறாங்க. அந்தச் செய்தியைத் தமிழ்ல போடும்போது ‘கட்டுமரம்’னு திருப்பி எழுதிடுறாங்க, படிக்கிறவன் நாலு கட்டையில காரை எப்படிய்யா ஏத்துனாங்கன்னு முழிக்கிறான். நம்ம கட்டுமரத்துல ரெண்டு உடம்பும் இல்ல, உள்பக்கமும் இல்ல. லேசான மரத்தைச் செதுக்கி, கட்டையைப் பக்கத்துல பக்கத்துல வச்சு கயித்தால இறுக்கிக் கட்டுனது, அலை மேல ஏறி கட்டைக்கு நடுவுல வழிஞ்சு போயிடும். அதனால ‘கட்டுமரத்துக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கியது’ன்னு எழுதுறதும் தப்பு, புகுறதுக்கு உள்ளன்னு ஒண்ணு இருக்கணும்ல. கவுந்துச்சு, கட்டு அவுந்துச்சு, கட்டை பிரிஞ்சுச்சுன்னு எழுதுங்க.

ஊர் மாறினா அளவும் மாறும். தோணின்னு சொன்னா பல பேருக்கு ஞாபகம் வர்றது துடுப்பு போடுற சின்னப் படகு. தூத்துக்குடியில போயி தோணி எங்கன்னு கேளுங்க, மாலத்தீவுக்கு காய்கறியும் கட்டுமான சாமானும் ஏத்திட்டுப் போற பெரிய மரக்கப்பலைக் காட்டுவாங்க. வள்ளமும் ஒவ்வொரு கரையில ஒவ்வொரு மாதிரி, கொங்குப் பக்கம் போனா அது தானியம் அளக்குற அளவு. கலமும் அப்படித்தான், கடல்ல போனா மரக்கலம், சோறு போட்டா உண்கலம், நெல்லு அளந்தா 12 மரக்கால் ஒரு கலம், மேல போனா விண்கலம். எல்லாத்துலயும் அடியில இருக்குறது ஒண்ணுதான், எதையாவது தாங்குற பாத்திரம். இதை வச்சுக்கிட்டு நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம் பேரையும் கப்பலோட முடிச்சுப் போடுறவங்க உண்டு, அது அரபிச் சொல், பேச்சுன்னு அர்த்தம், கலம் வேற கலாம் வேற. கீழக்கரை மரைக்காயர் பட்டத்துக்கு மரக்கலம்தான் வேர்னு ஒரு சாரார் சொல்றாங்க, அரபி ‘மர்கப்’னு இன்னொரு சாரார், ரெண்டு சொல்லுக்கும் கப்பல்னுதான் அர்த்தம், அதனால ஒண்ணை மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்லாதீங்க.

மார்கழியில ஸ்பீக்கர்ல வர்ற ஆண்டாளோட ‘வங்கக் கடல் கடைந்த’ பாசுரத்துல வங்கம்னா கப்பல், கப்பல் ஓடுற கடல்னு உரைக்காரங்க சொல்றது. அதை வங்காள விரிகுடான்னு நினைச்சு வீடியோ போடாதீங்க, கடைஞ்சது பாற்கடலை. அதே மாதிரி நேவிங்குறது நாவாய்லேர்ந்து வந்துச்சுன்னு ஒரு ஃபார்வர்டு, அது லத்தீன் நாவிஸ்லேர்ந்து வந்தது. பெருமைப்பட கட்டுமரம் ஒண்ணே போதும் நமக்கு. இன்னொண்ணு, இங்கிலீஷ்ல கப்பலை அவள்னு சொல்வாங்க, தமிழ்ல கப்பல் அது. நீர்மூழ்கியை அங்க போட்னு சொன்னாலும் இங்க கப்பல்தான்.

கடைசியா கள்ளத்தோணி. இதை ஏதோ ஒரு வகைத் தோணின்னு நினைச்சு விளையாட்டா பேர் வைக்கிறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். இலங்கையில மலையகத் தமிழர்களை, அதாவது இங்கேர்ந்து தோட்ட வேலைக்குப் போனவங்களை, திருட்டுத்தனமா தோணியேறி வந்தவங்கன்னு இழிவா பேசுறதுக்கு இருந்த வசவு அது. 1914ல பாம்பன் பாலம் திறந்தப்புறம் தோட்ட வேலைக்குப் போனவங்களை மண்டபம் கேம்ப்ல நிறுத்தி, நோய் நொடி இருக்கான்னு பாத்து, பேரைப் பதிஞ்சுதான் அனுப்புனாங்க. அப்புறம் ரயிலேறி தனுஷ்கோடி, அங்கேர்ந்து நீராவிக் கப்பல்ல தலைமன்னார். அந்த வழியில ஓடுன ரயிலுக்கு போட் மெயில்னு பேரு, ஆனா தனுஷ்கோடியில காத்துட்டு நின்னது போட் இல்ல, புகை விடுற கப்பல். சோதனை முடிச்சு, பேர் எழுதிக்குடுத்து, கப்பலேறிப் போன அந்தச் சனத்துல எத்தனையோ பேரு தோணியில கால் வச்சதே கிடையாது.