வாட்டர் ஹீட்டரை மாற்றும்போது பணம் எங்கெல்லாம் வீணாகிறது?

காலையில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. வேலைக்குக் கிளம்ப வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். பார்க்க வந்தவர் ஹீட்டரை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்கிறார். நாமும் அவசரத்தில் தலையாட்டிவிடுகிறோம். செலவு கைமீறிப் போகும் தவறுகளில் பாதி இந்த அரை மணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

எது கெட்டது என்று தெரியாமல் மாற்றுவது

டேங்க் வைத்த மின்சார ஹீட்டருக்குள் அதிகச் சாமான்கள் கிடையாது. தண்ணீர் நிற்கும் டேங்க், சூடேற்றும் காயில், போதுமான சூடு வந்ததும் நிறுத்தும் தெர்மோஸ்டாட், அது வேலை செய்யாமல் போனால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட். இவற்றில் டேங்க் தவிர மற்ற எல்லாவற்றையும் தனியாக வாங்கி மாற்றலாம். எங்கள் வீட்டில் ஒருமுறை புது ஹீட்டரே பொருத்தி முடித்த பிறகுதான், பழையதில் கட்-அவுட் மட்டும் விழுந்திருந்தது என்று தெரிந்தது.

தண்ணீர் சூடாகவில்லை என்றால் காயிலோ தெர்மோஸ்டாட்டோ கட்-அவுட்டோ காரணமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, தெரிந்தவர் மீட்டர் வைத்துச் சோதித்தால் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். சூடு வருவதற்குத் தாமதமாகிறது, உள்ளே பொரிகிற மாதிரி சத்தம் கேட்கிறது என்றால் காயிலில் உப்புப் படிந்திருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கலாம்.

தண்ணீர் ஒழுகினால், எங்கிருந்து என்று பாருங்கள். இணைப்புக் குழாயிலோ காயிலைச் சுற்றியுள்ள வாஷரிலோ கசிந்தால் சின்ன வேலை. டேங்கின் உடலே அரித்து ஒழுகினால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். டேங்க் வைத்த ஹீட்டர் பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள் வரை உழைக்கும். என் கணக்கு இதுதான்: பத்து வயது தாண்டிய ஹீட்டருக்கு, பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியை எட்டினால் புதியது வாங்கலாம். ஐந்து வயது ஹீட்டரைக் காயிலுக்காகத் தூக்கிப் போட வேண்டாம்.

இன்னொன்று. சேஃப்டி வால்வு சொட்டுவதைப் பலர் ஒழுகல் என்று நினைக்கிறார்கள். தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட கால் லிட்டர் கூடுகிறது. அந்த அழுத்தம் வெளியேறும் வழி அந்த வால்வுதான். தயவுசெய்து அதை அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் போக வழியில்லாத டேங்க் வெடிக்கும். நிற்காமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள்.

பெட்டியின் விலையை மட்டும் பார்ப்பது

கடையில் ஒட்டியிருக்கும் விலை பெட்டிக்கு மட்டும்தான். பழையதைக் கழற்றும் கூலி, இணைப்புக் குழாய்கள், புது வால்வு, சுவரில் தாங்கும் கொக்கி, தேவையானால் புது வயர், சுவிட்ச், பழையதை அப்புறப்படுத்தும் செலவு என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றும் உள்ளடக்கமா, தனியா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வகையை மாற்றினால் செலவு இன்னும் ஏறும். டேங்க் இருந்த இடத்தில், வீடு முழுவதற்கும் டேங்க் இல்லாத மின்சார ஹீட்டர் வைக்க நினைத்தால் 18 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் தேவைப்படலாம். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 78 ஆம்பியர். பல வீடுகளின் இணைப்பு அதைத் தாங்காது. கேஸ் ஹீட்டருக்கு மாறினால் பெரிய கேஸ் குழாயும் புகைபோக்கியும் வேண்டியிருக்கும். அதைக் காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் வைத்துச் செலவை மிச்சம் பிடிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. மயங்கி விழும்வரை தெரியாது.

கொள்ளளவைக் கண்ணால் அளப்பது

'பெரியதாக இருக்கட்டும்' என்று வாங்குகிறவர்களும் உண்டு, விலையைப் பார்த்துச் சின்னதாக வாங்கிவிட்டு ஒரே ஆண்டில் மாற்றுகிறவர்களும் உண்டு. கணக்குச் சுலபமானது. குளிக்கும் தண்ணீர் 40 டிகிரி இருந்தால் போதும். 25 லிட்டர் டேங்கில் 60 டிகிரித் தண்ணீர் இருக்கிறது, குழாய்த் தண்ணீர் 25 டிகிரி என்றால், கலந்து கிடைப்பது சுமார் 58 லிட்டர். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கினால் அதுவே 45 லிட்டர்தான். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவர் என்றால் ஆறு நிமிடம்கூட வராது. எனவே குளிர்காலத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 14 டிகிரிதான் கூட்டும். வாளியில் பிடித்துக் குளிக்கச் சரி, ஷவருக்கு ஆகாது.

உயரமான கட்டடமோ, அழுத்தம் கூட்டும் மோட்டாரோ இருந்தால் டேங்க் தாங்கும் அழுத்தத்தையும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே ஏறத்தாழ 1 பார் அழுத்தம்.

ஓடும் செலவை மறப்பது

நான்கு பேர் ஆளுக்கு 40 லிட்டர் வெந்நீரில் தினமும் குளிக்கிறார்கள், தண்ணீர் 25-லிருந்து 40 டிகிரிக்கு ஏறுகிறது என்றால், ஒரு நாளைக்கு 2.8 யூனிட். ஆண்டுக்கு ஆயிரம் யூனிட், பத்து ஆண்டில் பத்தாயிரம். டேங்க் சும்மா நிற்கும்போது இழக்கும் சூடு இதில் சேரவில்லை. உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கிப் பார்த்தால், வாங்கும்போது பேரம் பேசிக் குறைத்த தொகை எவ்வளவு சிறியது என்று புரியும். சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப் வகை இதில் பாதிக்கும் குறைவாகவே இழுக்கும். ஆனால் அதற்குச் சுற்றிலும் காற்று ஓட இடம் வேண்டும், வடியும் நீருக்கு வழி வேண்டும். அதிகம் வெந்நீர் செலவாகும் வீட்டுக்குத்தான் அதன் கூடுதல் விலை கட்டுப்படியாகும்.

பழைய வயர், பழைய வால்வு

புது ஹீட்டருக்குப் பழைய சேஃப்டி வால்வையே திருப்பிப் பொருத்துவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி லைன் வேண்டும். விளக்கும் மின்விசிறியும் ஓடும் மெல்லிய லைனில் இழுத்தால் வயர் சூடாகி உருகும். எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் இப்போதே போட்டுவிடுங்கள். ஈரக் கையோடும் ஈரத் தரையோடும் நிற்கும் இடம் அது.

மாற்றியதோடு மறந்துவிடுவது

இரும்பு டேங்குக்குள் மெக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். ஆனோட் ராடு என்பார்கள். டேங்கை அரிக்க வேண்டிய தண்ணீர் முதலில் இதை அரிக்கும். ராடு கரைந்து தீர்ந்தால் அடுத்து டேங்க்தான். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், உப்புத் தண்ணீரில் ஆண்டுதோறும் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சூட்டை 75 டிகிரிக்கு ஏற்றி வைத்தால் உப்பு வேகமாகப் படியும், தோலும் வெந்துவிடும். ரொம்பவும் குறைத்தால் டேங்கில் லெஜியோனெல்லா கிருமி வளரும். 60 டிகிரியில் வைத்து, குளிக்கும்போது கலந்துகொள்வது நல்லது. பொருத்த வந்தவர் கிளம்புவதற்கு முன், ராடு எந்தப் பக்கம் கழற்ற வேண்டும் என்று கேட்டு, அன்றைய தேதியை ஹீட்டரின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.