மழைக்கால முகூர்த்தத்துக்குக் கைவண்ண மொய்க் கவர்

மும்பையில் ஆவணி முகூர்த்தம் வந்தால் மழையும் கூடவே வரும். மொய்க் கவரை வீட்டில் செய்பவர்களுக்கு டிசைனைவிடக் காற்றிலுள்ள ஈரம்தான் தொல்லை. வண்ணம் கலந்த பசையைத் தாளில் பூசி, சீப்பால் இழுத்து டிசைன் போடும் கீழே உள்ள முறை அதற்குத் தோதானது.

120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) கனமுள்ள கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது படம் வரையும் தாள், ஏ4 அளவில் வாங்குங்கள். கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவில் கட்டாகவே கிடைக்கும். ஜெராக்ஸ் தாள் பசை பட்டதும் துவண்டு கிழியும். 200 ஜிஎஸ்எம்முக்கு மேல் போனால் மடிப்பில் வெடிக்கும்.

4 மேசைக்கரண்டி மைதாவை 50 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 200 மி.லி. தண்ணீரில் ஊற்றிச் சிறுதீயில் கிளறுங்கள். வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடி போல் ஆனதும் இறக்கி, சூட்டோடு வடிகட்டி ஆறவிடுங்கள். கெட்டித் தயிர் பதம் சரி. பூஞ்சை வராமலிருக்க 3 சொட்டு கிராம்பு எண்ணெய் விடலாம். போஸ்டர் பசைக்குப் போடும் மயில்துத்தம் வேண்டாம், அது நஞ்சு. 4 பங்கு பசைக்கு 1 பங்கு அக்ரிலிக் வண்ணம். போஸ்டர் கலர் மலிவுதான், ஆனால் ஈரக்கை பட்டால் பட்டுப்புடவையில் ஒட்டிக்கொள்ளும்.

தாளின் இருபுறமும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பிளாஸ்டிக் விரிப்பில் படிய வையுங்கள். உலர்ந்த தாளில் பசை தடவினால் அது மேடும் பள்ளமுமாக எழும்பி, சீப்பு தத்தும். 2 அங்குல பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசி, உடனே அகலப் பல் சீப்பை வளைத்து வளைத்து இழுங்கள். பல் போன இடத்தில் வெள்ளைத் தாள் தெரிந்து, ஒதுங்கிய வண்ணம் ஓரத்தில் கரைகட்டி நிற்கும். கோணலாகிவிட்டதா? அதன்மேலேயே பிரஷ்ஷை ஓட்டி அழித்துவிட்டு மறுபடி இழுக்கலாம். பசை காயும்வரைதான் இந்தச் சலுகை.

கொடியில் தொங்கவிட்டால் தாள் சுருளும். ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்து, மழை நாளில் ஒரு முழு இரவு விடுங்கள். பிறகு பின்பக்கம் மட்டும் இளஞ்சூட்டில் இஸ்திரி.

500 ரூபாய் நோட்டு 15 × 6.6 செ.மீ. என்பதால் கவர் 18 × 8.5 செ.மீ. இருந்தால் நோட்டை மடிக்காமல் வைக்கலாம். தாளின் நீளவாக்கில் முன்பக்கமும் அதன் கீழே பின்பக்கமும் வரைந்து, முன்பக்கத்தின் மேற்புறமும் இடப்புறமும் 1.5 செ.மீ. ஒட்டுப்பட்டைக்கும், வலப்புறம் 3.5 செ.மீ. மூடிக்கும் இடம் விடுங்கள். மொத்தம் 23 × 18.5, ஒரு ஏ4-க்குள் அடங்கும். பட்டைகளின் முனையைச் சாய்வாக வெட்டாவிட்டால் மூலையில் பிதுங்கும். மை தீர்ந்த பால்பாயின்ட்டால் கோடு அழுத்திவிட்டு மடியுங்கள்.

ஃபெவிகால் தடவுமுன், பட்டைகளின் வண்ணப் பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். இதை விட்டால் கல்யாண மண்டபத்தில் கவர் வாய்பிளக்கும். ஃபெவிகால் பிடித்தது மேலே இருக்கும் பசைப் படலத்தைத்தான், தாளை அல்ல.

ஒரு ரூபாய்க் காசை மூடியின்மேல் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். அடுக்கி வைக்கும்போது இடையிடையே பட்டர் பேப்பர் கட்டாயம். அக்ரிலிக் காய்ந்த பிறகும் வெப்பத்தில் இளகும். முகத்தோடு முகம் வைத்து மேலே பாரமும் ஏற்றினால், பிரிக்கும்போது இரண்டு கவரிலும் வண்ணம் உரிந்துவிடும்.