வன்னிக்கு வந்து ஓய்வாக இருக்க நினைக்கிறவர்களுக்கு: முதலில் ஒரு மாரி வாடகைக்கு இருங்கள்

ரொறன்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் 24 வருடம் வேலை செய்துவிட்டு, 66 வயதில் வன்னியில், கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கும் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தேன். இது நாலாவது வருடம். "அக்கா, நாங்களும் வரலாமோ? என்னென்ன செய்ய வேணும்?" என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கட்டாயம் வாருங்கள். ஆனால் வீடு கட்டக் கல் பறிக்க முதல், ஒரு மாரி, அதாவது மழைக்காலம், முழுக்க இங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள்.

நம்முடைய ஆட்கள் பிள்ளைகளின் லீவோடு ஆடி, ஆவணியில்தான் வருவார்கள். அப்போது நிலம் வெடித்துக் கிடக்கும். எந்தக் காணியும் மேட்டுக்காணி போலத்தான் தெரியும். ஐப்பசி பிறந்த பிறகுதான் இங்கே மழை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியில் எத்தனை வீடுகளுக்குள் வெள்ளம் போனது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள்.

எனக்கும் ஆவணியில் ஒரு காணி காட்டினார்கள். நல்ல தென்னை, நல்ல கிணறு, விலையும் சரி. கிணற்றுக் கட்டின் வெளிப்பக்கத்தில், நிலத்திலிருந்து இரண்டு சாண் உயரத்தில், ஒரு மண்ணிறக் கோடு சுற்றிவர ஓடியது. மேலே வெள்ளையடித்திருந்தும் மறையவில்லை. பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "உது வெள்ளம் நிண்ட அடையாளம் பிள்ளை. மார்கழியில வந்து பார்" என்றார். போய்ப் பார்த்தேன். முழங்கால் அளவு தண்ணீர். அந்த ஆச்சிக்கு இன்றைக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்தது பத்திரம். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் நிறைய. அவை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தோடு கொடுத்த பெர்மிட் காணிகள். உறுதிக் காணி போல நினைத்தபடி விற்கவோ வாங்கவோ முடியாது. என் உறவினர் ஒருவர் முற்பணம் கொடுத்த பிறகுதான் அது பெர்மிட் காணி என்று அறிந்தார். அந்தக் காசு திரும்பி வரவே இல்லை. ஆகவே காசை எடுக்க முதல் பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவுக்குப் போங்கள், கிராம சேவகரிடமும் கேளுங்கள், அப்புறம் நொத்தாரிசிடம் போகலாம்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருக்கிறவர் இங்கே காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. தாய் தகப்பன் வழியில் வரும் முதுசத்துக்குத் தடை இல்லை. வாங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் இரட்டைக் குடியுரிமை எடுங்கள். 55 வயது கடந்தவர்கள் அந்த வயதை வைத்தே விண்ணப்பிக்கலாம்.

முதலில் குடியுரிமை, பிறகு காணி என்ற இந்த வரிசையை எனக்குச் சொல்லித் தந்தவர் என்னோடு இரவு வேலை செய்த பிலிப்பைன்ஸ் அக்கா. அவருக்கு ஊர் இலோயிலோ. 2003இல் அவர்களுடைய நாட்டில் வந்த சட்டப்படி குடியுரிமையைத் திரும்ப எடுத்துவிட்டுத்தான் காணி பற்றிப் பேசவே தொடங்கினார். ஒவ்வொரு நத்தாருக்கும் முதல் பெரிய பாலிக்பயான் பெட்டி, அதாவது வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பும் சாமான் பெட்டி, ஒன்று ஊருக்குப் போகும். சவர்க்காரம், கோப்பி, சப்பாத்து என்று ஒவ்வொன்றிலும் வாங்கப்போகிறவரின் பெயரைத் தன் கையால் எழுதி ஒட்டுவார். அவர் போய் இறங்கிய நாளில் அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரிந்திருந்தது. ஓய்வு எடுக்கும் ஊரில் புது ஆளாகப் போய் இறங்கக்கூடாது என்று அவரிடம்தான் படித்தேன்.

கனடாக் காசு பற்றி மூன்று விஷயம். 18 வயதுக்குப் பிறகு அங்கே 20 வருடம் இருந்திருந்தால் முதியோர் பென்ஷன் இங்கேயும் வரும். குறைந்த வருமானக்காரருக்கான மேலதிகப் படி, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். ஒன்ராறியோ மருத்துவ அட்டை வேண்டுமென்றால் 12 மாதத்தில் 153 நாள் அங்கே இருக்க வேண்டும். இதைக் கணக்குப் பார்த்துவிட்டு விமானச் சீட்டு எடுங்கள்.

மருந்துகளின் கம்பனிப் பெயரை விட்டு, மருந்தின் பெயரை எழுதிக் கொண்டுவாருங்கள். கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைக் கிளினிக்கில் அதுதான் உதவும். அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். பெரிய வருத்தம் என்றால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டிவரலாம், ஏ9 வீதியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அதனால் வீதிக்குக் கிட்டவே இருங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள். என் கேத்திலில் ஒரு மாதத்திலேயே சுண்ணாம்பு போல வெள்ளைப் பொருக்கு பிடித்துவிட்டது. நான் குடிக்க வடிகட்டின தண்ணீர்தான் வாங்குகிறேன்.

கூலி ஊரில் கொடுக்கிற அளவுக்கே கொடுங்கள். நீங்கள் இரண்டு மடங்கு கொடுத்தால், பக்கத்து வயல்காரருக்கு அரிவு வெட்ட ஆள் கிடைக்காது. மனம் கேட்காவிட்டால் பிள்ளையின் படிப்புக்குக் கொடுங்கள்.

இங்கே பல வீடுகளில் சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். போர் முடிந்த 2009 பற்றி அவர்களாகச் சொல்லும்வரை கேட்காதீர்கள். நாம் அங்கே இருந்தோம், அவர்கள் இங்கே இருந்தார்கள். சொல்லத் தொடங்கினால், எழும்பாமல் இருந்து முழுவதையும் கேளுங்கள்.

செத்தவீடுகளுக்குத் தவறாமல் போங்கள். முதல் இரண்டு தரமும் என்னைக் கனடாக்காரி என்று ஃபானுக்குக் கீழே நல்ல கதிரையில் இருத்தினார்கள். மூன்றாம் தரம் போனபோது, வேலிக்கு மேலால் பேசின அந்த ஆச்சியின் மகள் வந்து தேத்தண்ணிக் கேத்திலை என் கையில் தந்து, "அக்கா, பந்தலுக்க இருக்கிற ஆக்களுக்கு ஊத்திக் குடுங்கோ" என்றாள். அந்தக் கிழமைதான் வீடு கட்ட இடம் குறித்து நிலையம் எடுக்க ஆசாரியாரைக் கூப்பிட்டேன்.