மேட்டில் நின்ற கார்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கார் லைசன்ஸ் சோதனையில் இரண்டு முறை தோற்றேன். இரண்டு முறையும் மேட்டில் கார் பின்னால் உருண்டுவிட்டது. தினமும் லைசன்ஸ் கையில் இருப்பதாகக் கற்பனை செய்தும் பலனில்லை.

அப்புறம்தான் லியென் பாம், ஷெல்லி டெய்லர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். நல்ல மதிப்பெண்ணைக் கற்பனை செய்த மாணவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்களே கூடுதலாக வாங்கினார்களாம்.

சரி என்று மாற்றினேன். தோட்டத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, கண்ணை மூடினேன். இடது கால் கிளட்சை மெல்ல விடுகிறது, இஞ்சின் சத்தம் கனக்கிறது, காரின் மூக்கு லேசாக எழும்புகிறது, அப்போதுதான் ஹேண்ட்பிரேக்கை விடுகிறேன். காலையும் நிஜமாகவே அசைத்தேன். தினம் பத்து நிமிடம், மூன்று வாரம்.

மூன்றாம் முறை கார் மேட்டில் அசையாமல் நின்றது. மறுவாரமே அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.