சைனஸ் தொற்று: நிறத்தைப் பார்த்து மாத்திரை வாங்கும் தவறும் வேறு சிலவும்

'எனக்கு சைனஸ் இருக்கு' என்று சொல்லாத ஆள் குறைவு. சைனஸ் என்பது நோயின் பெயரே இல்லை. நெற்றி, கன்னம், மூக்கின் இரு பக்கம், அதற்கும் பின்னால் என எலும்புக்குள் எல்லோருக்கும் இருக்கும் நான்கு ஜோடி காற்றறைகள் அவை. சில மில்லிமீட்டர் அகலத் துளை வழியாக மூக்குக்குள் வடிகின்றன. சளி பிடித்துச் சவ்வு வீங்கினால் துளை அடைபட்டு உள்ளே நீர் தேங்கும். குனிந்தால் கன்னம் கனப்பது அதனால்தான்.

சளி பச்சையானதும் ஆன்டிபயாடிக் தேடி ஓடுவதுதான் முதல் தவறு. கிருமியோடு போராட வந்த வெள்ளையணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது. சாதாரண வைரஸ் சளியும் மூன்றாம் நாளில் பச்சையாகும். பெரியவர்களுக்கு வரும் சளியில் 100க்கு 2 கூட பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறுவதில்லை. எண்ண வேண்டியது நாட்களை. 10 நாளாகியும் கொஞ்சமும் குறையாவிட்டால், அல்லது தொடக்கத்திலேயே 102 டிகிரி காய்ச்சலோடு சீழ்ச்சளியும் முகவலியும் மூன்று, நான்கு நாள் நீடித்தால், அல்லது ஐந்தாறு நாளில் தேறி வந்தவருக்கு மறுபடி காய்ச்சலும் தலைவலியும் ஏறினால் பாக்டீரியா என்று சந்தேகிக்கலாம். அப்போதும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மூன்று நாள் அசித்ரோமைசின் சரியான மருந்தல்ல. சைனஸில் அதிகம் தங்கும் நிமோகாக்கஸ் கிருமிகளில் பல அதற்கு மசிவதில்லை. பொதுவாக மருத்துவர்கள் முதலில் எழுதுவது அமாக்சிசிலின், அல்லது அதோடு கிளாவுலனேட் சேர்ந்தது.

மூக்கடைப்புக்கு விடும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்துகள் நிமிடங்களில் வழி திறக்கும். அந்தச் சுகமே பொறி. ஐந்து நாளைத் தாண்டினால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். பிறகு சொட்டு விடாமல் தூக்கம் வராது. ஸ்டீராய்டு ஸ்ப்ரே இதற்கு நேரெதிர். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டு நாள் அடித்துவிட்டு 'கேக்கலை' என்று தூக்கிப் போடுபவர்களே அதிகம். அடிக்கும் முறையும் பிசகும்: தலையை அண்ணாந்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். லேசாகக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், முனை காதுப்பக்கம் பார்க்கும்படி அடியுங்கள். நடுத்தண்டின் மேல் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். உறிஞ்சி இழுக்க வேண்டாம்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம், தவறு தண்ணீரில். குழாய் நீரும் கேன் தண்ணீரும் கிருமி நீக்கியவை அல்ல. அமெரிக்காவின் லூசியானாவில் 2011இல் குழாய் நீரால் மூக்கு கழுவிய இருவர் மூளை தின்னும் அமீபாவால் இறந்தார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த அமீபா, மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது. கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். அரை லிட்டருக்குத் தலைதட்டிய முக்கால் டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் போதும். உப்பு குறைந்தாலும் மூக்கு எரியும். மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

ஆவி பிடிப்பதால் இதமாக இருக்கும், அவ்வளவே; அடைபட்ட அறைக்குள் ஆவி போகாது. போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தோடு குழந்தையை உட்கார வைப்பதுதான் ஆபத்து, கவிழ்ந்தால் தொடை வெந்துவிடும். கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும்.

சளியே இல்லாமல் மாதாமாதம் வரும் 'சைனஸ் தலைவலி'? பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஆய்வில், தமக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய சுமார் 3,000 பேரில் 88 சதவீதத்தினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலியின் அறிகுறிகள்தான். இவர்களுக்கு எத்தனை ஆன்டிபயாடிக் கொடுத்தும் பயனில்லை. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் பல் டாக்டரையும் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கன்னச் சைனஸை ஒட்டியே இருக்கிறது.

கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, நெற்றி புடைப்பது, கழுத்து விறைப்பு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை கட்டுப்படாதவர்கள் கன்னம் மரத்தாலோ மூக்கில் கருப்புப் பக்கு தெரிந்தாலோ ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. 2021 கொரோனா அலையில் பலரின் கண்ணைப் பறித்த கருப்புப் பூஞ்சை அப்படித்தான் தொடங்கும்.